கண்ணாடி பழுதுக்கு வந்ததாக ஒரு சீட்டு தேவை

அன்பும் மதிப்பும் மிக்க மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, எங்கள் பெண்ணான உங்கள் மருமகள் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும், வீட்டில் எல்லோரும், உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கடையைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரும்.

உங்கள் மருமகள் பாரிஸ்டர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். சட்டத்தைப் படித்து முடித்தாயிற்று, இது படிப்பு இல்லை, தொழிற்பயிற்சி என்று சொன்னாள். தொழிற்பயிற்சி என்றால் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன். எங்களுக்குப் பயிற்சி தந்தபோது லிஃப்டைத் தந்தார்கள். இவர்கள் வாயைத் தருகிறார்கள், அதை வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். முதல் மாதம் கட்சிக்காரரோடு பேசுவது எப்படி என்ற பாடம். உங்கள் அக்கா கீழ்வீட்டுக்காரருடன் உள்ள துணி துவைக்கும் மெஷின் தண்ணீர்த் தகராறைப் பற்றி வழக்கமாகப் புலம்புவதைப் புலம்ப ஆரம்பித்தாள். இவள், "உட்காருங்க, முதல்ல இருந்து தேதிவாரியா சொல்லுங்க" என்று நோட்டை எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான், இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவளை முதலில் இருந்து சொல்லச் சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்து ஒன்பது பத்தியில் எழுத்து மூலமான சட்டக் கருத்து வந்தது, தப்பு நம் குழாயில்தான் என்று. அக்கா அதை மடித்து மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். மேஜை இப்போது ஆடுவதில்லை.

இரண்டாம் மாதம் குறுக்கு விசாரணை. இஸ்திரிப் பலகையை நிற்க வைத்து அதன் பின்னால் நின்றுகொண்டு கேட்பாள். இதில் மூன்று விதி உண்டு. ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாது. ஏன் என்று மட்டும் வாய் தவறியும் கேட்கக் கூடாது, கேட்டால் சாட்சி காரணம் சொல்லிவிடுவானாம், காரணம் சொன்னால் வழக்கு கைவிட்டுப் போய்விடுமாம். அதனால் வீட்டில் மூன்று மாதமாக ஏன் என்ற சொல்லே கிடையாது. "காலையில மாத்திரை சாப்பிடணும். சரிதானே? மாத்திரை மேஜையில இருக்கு. சரிதானே? இப்ப மணி பதினொண்ணு. சரிதானே?" என்று வரும். மூன்றுக்கும் ஆம் சொன்ன பிறகு மனுஷன் எங்கே போய் நிற்பது. முன்பெல்லாம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பாள், நானும் மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பிப்பேன். அந்த வழியும் அடைபட்டது.

நான் குறை சொல்லவில்லை. பெண் நன்றாகத் தேறிவிட்டாள். ஒரு மூத்த பாரிஸ்டர் ஓராண்டு கூட வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்க ஒரே ஒருவரை எடுப்பதாக அறிவித்து, எண்பத்தேழு பேர் எழுதிப் போட்டு, அந்த ஒருவர் இவள். கல்லூரியின் கடைசித் தேர்வில் தேறினால் போதும். அந்தத் தேர்வு, மாதிரி நீதிமன்றத்தில் முன்பின் தெரியாத சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது. சாட்சிகளாக நடிக்க வெளியாட்கள் வேண்டும் என்று கல்லூரி விளம்பரம் செய்திருந்தது. பொழுது போகாத ஓய்வுக்காரன், நானும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அதில் பன்னிரண்டு கட்டம். பொடி எழுத்து. பதினான்கு இலக்கத்தில் ஒரு பதிவு எண் வேறு, அதைச் சின்னச் சதுரத்துக்கு ஓர் இலக்கமாக ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ஒன்பதாவது கட்டத்தில், 'பயிற்சி மாணவர் எவருக்கும் நீங்கள் உறவினரா' என்று கேட்டிருந்தார்கள். அதில் 'இல்லை' என்பதில் டிக் விழுந்துவிட்டது. அன்றைக்குக் கண்ணாடி என்னிடம் இல்லை. அது எங்கே இருந்தது என்பதைத்தான் நீங்கள் எழுதித் தர வேண்டும். அதற்கு வருகிறேன்.

தேர்வு நாளன்று போனேன். மூன்றாவது மாடி. அங்கே உள்ள லிஃப்ட் தளத்துக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு அறைகள், எந்தச் சாட்சி எந்த அறைக்கு என்று குலுக்கிப் போட்டார்கள். என் கையில் ஒரு தாள் தந்தார்கள். நான் ஒரு தையல்காரன், தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்து சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் அடுத்தவர் சைக்கிளை எடுத்துப் போனதைப் பார்த்தவன். அலுவலக அம்மாள், "என்ன ஆனாலும் வேஷத்தை விட்டு வெளியே வரக் கூடாது, வந்தா பாவம் பிள்ளைங்க மார்க் போயிடும்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கூண்டில் ஏறினேன். ஒல்லியாக உயரமாக இருந்த ஒரு பையன், அவனைக் கூட இருப்பவர்கள் பென்சில் என்கிறார்கள், என்னை முதலில் விசாரித்தான். குரலை மாற்றிக்கொண்டு பிழையில்லாமல் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் தலையைக் குனிந்து மளமளவென்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நிமிர்ந்தார். உங்கள் மருமகள்.

கறுப்பு அங்கி போட்டிருந்தாள். நான்கு விநாடி என்னைப் பார்த்தாள். லிஃப்ட் கதவு மூடும் நேரம் அது, எனக்குப் பிசகாது. பிறகு நீதிபதியாக உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து, "கனம் நீதிபதி அவர்களே, தேர்வைத் தொடர்வதற்கு முன் ஒன்றைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. இந்தச் சாட்சி என் அப்பா" என்றாள்.

மச்சான், இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் பிசகிவிட்டேன் என்று உங்கள் அக்கா சொல்கிறாள். வேஷத்தை விட்டு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. மார்க் போய்விடுமே. "இல்லீங்க, நான் தையல்காரன். இந்தப் பொண்ண இதுக்கு முன்னால பாத்ததே இல்ல" என்றேன். பென்சில் சிரித்துவிட்டான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சத்தியமாவா?" என்றார். சத்தியம்தான் என்றேன். உங்கள் மருமகள் குரலை உயர்த்தவே இல்லை. "சாட்சியின் மேல்சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச் லைட் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் போகிற கட்டிடத்தில் எல்லாம் லிஃப்டுக்கு அடியில் அடித்துப் பார்ப்பார்" என்றாள். இருந்தது. எடுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன்.

என்னை இறக்கிவிட்டு வாசல் காவலாளியைத் தையல்காரராக ஏற்றினார்கள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு நல்ல கனம், உள்ளே அவள் பேசியது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

இப்போது விஷயம் நன்னடத்தைக் குழுவிடம் இருக்கிறது. அப்பனை உள்ளே அனுப்பி வைத்ததே அவள்தானோ என்பது அவர்கள் சந்தேகம். அப்படி முடிவானால் தேர்வும் போச்சு, எண்பத்தேழு பேரில் கிடைத்த இடமும் போச்சு. வியாழக்கிழமைக்குள் நான் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் 'சாட்சி மாத்திரை சாப்பிட்டாரா என்று அம்மா விசாரிக்கவும்' என்று சீட்டு ஒட்டுகிறாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, தகவலுக்காக எழுதுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். படிவம் நிரப்பிய அந்த வாரம் என் கண்ணாடி பழுதுக்காக உங்கள் கடையில் இருந்தது என்று ஒரு வேலைச் சீட்டு, பழைய தேதி போட்டு, முத்திரையோடு. கண் தெரியாத மனுஷனின் கைத்தவறு என்று ஆகிவிட்டால் பெண் தப்பித்துவிடுவாள். அக்காவிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். பேசினால் தேதிவாரியாகச் சொல்லச் சொல்வாள், அவளுக்கும் தொற்றிவிட்டது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. எல்லோரும் பார்வையும் ஆயுளும் குறையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே கண்ட எதையும் செய்ய வேண்டாம். உறை எடுக்க உள்ளே போன நேரத்தில் அவள் வந்துவிட்டாள், கடிதம் மேஜையில் இருந்தது. படித்தாள். இஸ்திரிப் பலகையை நிறுத்தினாள். ஆறு நாளுக்குப் பிறகு பேசினாள். "படிவத்துல பன்னண்டு கட்டம். சரிதானே?" ஆம் என்றேன். "பொடி எழுத்து. சரிதானே? பதினாலு இலக்கம், அடித்தல் இல்ல. சரிதானே? பதினோரு கட்டம் சரியா இருக்கு. சரிதானே? கண்ணாடி உங்க மூக்குலதான் இருந்தது. சரிதானே?" எல்லாவற்றுக்கும் ஆம். பிறகு பலகையின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "ஏன்ப்பா?"

குடும்பத்தாரை உள்ளே விட மாட்டார்கள் என்று சொன்னாயே அம்மா, நீ அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு எழுந்து பேசுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது, நான்கு அறையில் ஒன்று, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று நினைத்தேன், நான்கு விநாடி பார்த்தேன் என்றேன். அவள் மேற்கொண்டு கேள்வி இல்லை என்றாள். பலகையை மடித்து வைக்கப் போனவள் சமையலறையில் வெகு நேரம் நின்றாள். வந்து, "இதையே குழுவுக்கு எழுதுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றாள். எழுதினேன். அதனால்தான் இந்தக் கடிதம் தபாலில் போகாமல் நான்கு நாள் கிடந்தது. குழு அவள் மேல் குற்றம் இல்லை என்றும், தேர்வில் அவள் தேறிவிட்டாள் என்றும், இனி எந்த வழக்கிலும் எந்தத் தொழில்காரனாகவும் நான் அங்கே சாட்சி சொல்லக் கூடாது என்றும் இன்று எழுதியிருக்கிறது.

ஒரு விஷயம். அவள் ஏன் என்று கேட்டபோது பதில் சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிட்டேன் போலிருக்கிறது, அதன் வலது கால் உடைந்துவிட்டது. பஞ்சில் சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். வேலைச் சீட்டில் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த தேதியையே போடவும்.