எர்த்து சார் வீட்டு விளக்கு

டெஸ்டரில் விளக்கு எரிந்தது. மின்விசிறி மட்டும் சுற்றவில்லை.

முக்காலியின் மேல் நின்றபடி அவர் டெஸ்டரைச் சட்டையில் துடைத்து, மறுபடியும் சுவிட்ச் போர்டில் வைத்துப் பார்த்தார். சிவப்புப் பொட்டு பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் இருக்கா, இல்லையா?" என்றாள் மனைவி கீழேயிருந்து.

"இருக்கு."

"அப்புறம் ஏன் சுத்தல?"

"அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

"இருக்குன்னா சுத்தணும். சுத்தலைன்னா இல்ல. இதைச் சொல்றதுக்கு எதுக்கு முக்காலி?"

அவர் பணிக்காலம் முழுவதும் மின் ஆய்வாளராக இருந்தவர். எத்தனையோ கட்டடங்களுக்குள் நுழைந்து, பின்னால் கைகட்டிக்கொண்டு, வயரிங்கில் குறை கண்டுபிடித்துவிட்டு வெளியே வந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் வணக்கத்துக்கு முன்னால் அவர் கேட்பது "எர்த் சரியா இருக்கா?" என்பதுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி ஓய்வு பெறவில்லை. தெருவில் அவருக்கு எர்த்து சார் என்று பெயர் வந்துவிட்டது. அதை அவர் பட்டமாகவே வைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் மின்விசிறி நின்றது ஒரு பொருட்டல்ல. நின்ற நாள்தான் பொருட்டு. அன்று மாலை சம்பந்தி வருவதாக இருந்தார்.

மருமகளின் தகப்பனார் கட்டட ஒப்பந்தக்காரர். அவர் கட்டிய கட்டடம் ஒன்றுக்கு, எர்த் குழி ஆழம் போதாது என்று ஆய்வாளர் ஒரு காலத்தில் அனுமதி மறுத்திருந்தார். அதுவும் வேலையாட்கள் எல்லாரும் நின்று பார்க்கும்போது. பிறகு பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பி, கல்யாணமும் நடந்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் இந்த வீட்டு வாசற்படியை இதுவரை மிதித்ததில்லை. இன்றுதான் முதல் தடவை. தொலைபேசியில் சொல்லியும் இருந்தார்: "பொண்ணைப் பார்க்க மட்டும் வரல சம்பந்தி. உங்க வீட்டு எர்த்தையும் பார்க்கத்தான் வரேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆய்வாளருக்கு இரண்டு நாளாகச் செரிக்கவில்லை.

தன்னை ஒருவர் கேலி செய்தால் அதைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் புகுந்த வீட்டைப் பற்றிப் பிறந்த வீட்டார் சிரித்தால், அந்தச் சிரிப்பு ஒரு பெண்ணோடு காலமெல்லாம் கூடவே வரும். மருமகள் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும். அவருக்கு அதுதான் கவலை.

"எதிர்வீட்டுத் தையல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே, அவங்க வீட்டுல இருக்கான்னு" என்றாள் மனைவி.

"கேட்டா என்ன ஆகும் தெரியுமா? எர்த்து சார் வீட்டுல கரண்ட் இல்லையாம்னு சாயங்காலத்துக்குள்ள தெருக்கோடி வரைக்கும் போயிடும்."

"தெருவுக்கே இல்லாம இருந்தா?"

"தெருவுக்கே போனா எல்லாரும் வாசலுக்கு வந்து நிப்பாங்க. எட்டிப் பாரு. ஒரு ஈ காக்கா இருக்கா?"

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மேகம் மூடிய காலை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சாரலுக்குப் பயந்தது போல எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

"யாரையும் காணோம்" என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்ப பழுது நம்ம வீட்டுக்குள்ள. ஜன்னலைச் சாத்து."

அவர் அடுத்ததாக ஃப்ரிட்ஜின் பக்கத்துப் பிளக் பாயிண்டைச் சோதித்தார். இடது துளையில் டெஸ்டர் எரிந்தது. வலது துளையிலும் எரிந்தது.

"ரெண்டு பக்கமும் எரியுதே. ரெட்டிப்பா வருதா?" என்று கேட்டாள் மருமகள். இரண்டாவது காப்பியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"இல்லம்மா. கரண்ட் வந்தா மட்டும் போதாது, திரும்பிப் போகவும் ஒரு கம்பி வேணும். அதுக்கு நியூட்ரல்னு பேரு. அது எங்கயோ அறுந்துபோச்சு. வந்த கரண்ட் திரும்ப வழி தெரியாம ரெண்டு பக்கமும் நிக்குது."

"விருந்துக்கு வந்துட்டுக் கிளம்பாத சொந்தக்காரங்க மாதிரி" என்றாள் மனைவி. "அந்தக் கம்பி தெருக்கம்பத்துல அறுந்திருக்கக் கூடாதா?"

ஆய்வாளர் முதுகை நிமிர்த்தினார். "அந்தக் கம்பத்து இணைப்பு நான் கீழே நின்னு போட வெச்சது. அதுல குறை வராது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மெயின் பெட்டியைத் திறந்தார். நியூட்ரல் கம்பிகள் சேரும் பித்தளைப் பட்டையின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி முறுக்கினார். எதுவும் அறுந்திருக்கவில்லை. இரண்டு கம்பியில் பல்பை மாட்டி வைத்த சோதனை விளக்கைத் தேடி எடுத்தார். அது கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. மீட்டரை எடுத்தார். அதற்குள் இருந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. மிச்சம் கையில் இருந்தது டெஸ்டர் மட்டும்தான். டெஸ்டருக்கு வருகிற கம்பியைப் பற்றித்தான் தெரியும், திரும்புகிற கம்பியைப் பற்றித் தெரியாது.

கூடத்து உச்சியில் இருந்த இணைப்புப் பெட்டியின் மூடியைத் திருப்பினார். அது வரவில்லை. பலமாகத் திருப்பினார். மூடி வந்தது. சாம்பல் தட்டு அளவுக்குக் காரையும் கூடவே வந்து, சம்பந்திக்காக விரித்திருந்த புது உறை போட்ட சோபாவின் நட்டநடுவில் விழுந்தது.

"அங்கதான் அப்பா உட்காருவார்" என்றாள் மருமகள் மெதுவாக.

"திருப்பிப் போட்டுக்கலாம்மா" என்றார் அவர்.

"சோபாவையா, அப்பாவையா?" என்றாள் மனைவி.

பெட்டிக்குள் இருந்த கம்பிகளைப் பிரித்தார். சிவப்பு வருவதற்கு, கறுப்பு திரும்புவதற்கு என்று வீடு கட்டும்போது அவரே நின்று நிறம் பார்த்துப் போட வைத்திருந்தார். ஆனால் போன வருடம் வந்த பெயிண்டர் கடமை உணர்ச்சி மிகுந்தவர். பெட்டிக்குள்ளும் தூரிகையை விட்டு எல்லாக் கம்பிக்கும் ஒரே வெள்ளை நிறம் அடித்திருந்தார். பிரித்த கம்பிகள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல ஒரே முகத்தோடு தொங்கின. எது எதனோடு இருந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரது வாழ்நாள் வேலை குறை சொல்வதுதான். சரிசெய்தவர்கள் எப்போதும் வேறு ஆட்கள். இந்த வித்தியாசத்தை அவர் இதற்கு முன் நினைத்துப் பார்த்ததில்லை.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

"ஊர்ல இருக்கிற எந்த எலக்ட்ரீஷியனை நான் திட்டாம விட்டேன்? வந்து என்ன சொல்வான்?"

"வந்து சரிபண்ணிட்டுப் போவான்."

"சரிபண்ணிட்டு, வெளிய போய்ச் சொல்வான்."

அவர் பிறகு எழுந்துபோய் மெயின் பெட்டியின் முன் நின்றார். அங்கே பச்சை நிறத்தில் ஒரு கம்பி இருந்தது. எர்த் கம்பி, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுவது. அவசரத்துக்கு அதையே திரும்பும் வழியாக வைத்துக்கொண்டால் விளக்கு எரியும். எரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். எரியவைத்தவர்கள் வீட்டில் எல்லாம் அவர் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறார்.

"என்னங்க, இது நீங்க ஊருக்கெல்லாம் கூடாதுன்னு சொன்னது இல்ல?" என்றாள் மனைவி.

"சம்பந்தி போற வரைக்கும்தான்."

"அவங்களும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க."

அவர் காதில் விழாதது போலக் கம்பியை முறுக்கினார். முறுக்கியதும் கசிவைக் கண்டுபிடிக்கும் டிரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. அது காவல்காரன், தன் வேலையைச் செய்தது. அவர் அந்தக் காவல்காரனைச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேலேயிருந்தே ஒரு கம்பியை இழுத்தார்.

வாசல் விளக்கு எரிந்தது.

மூடிய மேகத்தின் கீழே அது நிலவு மாதிரி இருந்தது. "அணைக்காதீங்க. பகலா இருந்தாலும் எரியட்டும்" என்று உத்தரவு போட்டார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை என்று தெரியட்டும்.

விளக்கு ஒத்துழைத்ததும் துணிச்சல் வந்தது. சமையல் முடிவதற்குள் கூடத்து மின்விசிறிக்கு ஒரு கம்பி போனது. மதியத்துக்கு மேல், விருந்தாளிக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமே என்று ஃப்ரிட்ஜுக்கும் ஒன்று போனது. சோபாவைத் திருப்பிப் போட்டார்கள். உச்சியில் திறந்து கிடந்த பெட்டியை ஒரு நாட்காட்டி அட்டை மூடியது.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பழக்கூடை. வாசலில் நின்று விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"தெருமுனையில திரும்பும்போதே தெரிஞ்சுது சம்பந்தி. ஒரே இருட்டுல உங்க வாசல் மட்டும் பளிச்சுன்னு. விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு."

"வாங்க, வாங்க" என்றார் ஆய்வாளர். காலையிலிருந்து குனிந்திருந்த முதுகு நேராகியது.

சம்பந்தி உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. ஒப்பந்தக்காரரின் கண் பழக்கதோஷத்தில் சுவரில் மேய்ந்தது. "நல்ல வேலைப்பாடு" என்றார். "நம்ம கட்டடத்துல எர்த் குழியை நீங்க ரெண்டாவது தடவை தோண்ட வெச்சீங்க, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல."

"கடமை" என்றார் ஆய்வாளர். அவர் கண் மெயின் பெட்டியின் பக்கம் போய் வந்தது.

உள்ளே ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அதே சமயம் சமையலறையில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

மருமகள் தண்ணீரோடு வந்தாள். வலது கை விரல்களைப் புடவைக்குள் மறைத்து, இடது கையால் தட்டைப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவள் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. டம்ளர் வழுக்கிடுச்சு."

அவள் மாமனாரை ஒரு தடவை பார்த்தாள். புகார் சொல்லும் பார்வை இல்லை. பயப்படாதீங்க, நான் சொல்ல மாட்டேன் என்கிற பார்வை. குழாயைத் தொட்டபோது என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எர்த் கம்பியில் ஃப்ரிட்ஜ் ஓடினால் குழாயில் சுருக்கென்று வரும் என்று அவரே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

எந்தப் பெண்ணின் தலை நிமிர வேண்டும் என்று இத்தனையும் செய்தாரோ, அந்தப் பெண் இப்போது அவருடைய தலை குனியக் கூடாது என்று கையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். கௌரவம் என்று தான் காலையிலிருந்து கட்டிக்காத்தது எதை என்று அவருக்குப் புரியவில்லை.

எழுந்தார். மெயின் பெட்டிக்குப் போனார். பிரதான சுவிட்சை இறக்கிவிட்டு, பச்சைக் கம்பியைப் பிடுங்கினார். மின்விசிறி சோர்ந்து நின்றது. வாசல் விளக்கு அணைந்தது. கூடம் இருண்டது.

திரும்பி வந்து, உட்காராமலே சொன்னார்: "சம்பந்தி, என் வீட்டுல பழுது. காலையிலேர்ந்து தேடறேன், கிடைக்கல. எர்த்துல ஓட்டிட்டிருந்தேன். உங்க பொண்ணுக்கு அதனாலதான் ஷாக் அடிச்சுது. தப்பு என்னுது."

சம்பந்தி மகளின் கையை வாங்கி விரல்களைத் தடவிப் பார்த்தார். பிறகு தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுக் கேட்டார்:

"இதைச் சொல்றதுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துதா?"

"ரொம்ப."

"அப்ப சரி. அன்னிக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "வாங்க, ரெண்டு பேருமா பார்க்கலாம்."

அவர்கள் முக்காலியை நோக்கி நகர்வதற்குள் வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். எதிர்வீட்டுத் தையல்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். காதில் வழக்கமாகப் பென்சில் இருக்கிற இடத்தில் டெஸ்டர் இருந்தது. முகத்தில், தொலைந்த பிள்ளை கிடைத்தவனின் நிம்மதி. அவருக்குப் பின்னால் தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவர் கையில் கழற்றிய சுவிட்ச், இன்னொருவர் தலையில் காரைத்தூள்.

"எர்த்து சார், உங்க விளக்கும் அணைஞ்சிருச்சா? அப்பாடா" என்றார் தையல்காரர். "அது எரிஞ்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான், லைன் நல்லாயிருக்கு, பழுது நம்ம வீட்டுலதான்னு நெனச்சு, மின்சார ஆபீசுக்கு ஒரு போன்கூடப் பண்ணாம, காலையிலேர்ந்து தெருவே கதவைச் சாத்திக்கிட்டு போர்டைக் கழட்டிட்டு உட்கார்ந்திருக்கோம்."