நாகூர் போன பினாங்குப் பெட்டி

என் குடும்பத்தை நான் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆண்டு வந்தேன்.

"பேசாம நான் கப்பலேறிடுவேன்!"

பினாங்கிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அதுதான் என் செங்கோல். குழம்பில் உப்பு கூடினால் கப்பல். மைத்துனன் துறையூரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினால் கப்பல். ரப்பர் கம்பெனியில் என் நாற்காலி இன்னும் காலியாகவே கிடப்பதாகவும், துரை தினமும் காலையில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதாகவும் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி வள்ளிக்கண்ணு உடனே அடங்கிவிடுவாள்.

ஒரு விஷயம். இது உங்களோடு இருக்கட்டும். எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

சாதாரணப் பயம் இல்லை. கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டேன். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக் கை கூப்பிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் ரங்கநாதரை நினைத்து உருகுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வகையில் திருச்சியில் எனக்குப் பக்திமான் என்றுகூட ஒரு பெயர் உண்டு. ஊருக்குத் திரும்பி வந்த கப்பலிலோ, ஏறிய நிமிஷத்திலிருந்து இறங்கிய நிமிஷம் வரை கீழ்த்தட்டில் கம்பளிக்குள் கிடந்தேன். கூட வந்த காஜா மைதீன்தான் கம்பளிக்குள் கையை விட்டு ரஸ்க் ஊட்டினார். என் பெயர் வீரமலை. அதில் வீரம் இருக்கிறது, மலை இருக்கிறது. கடல் இல்லை.

காஜா மைதீன், மனைவி ஷரபுன்னிசாவோடு, இப்போது புத்தூரில் எங்கள் பக்கத்து வீடு. கம்பளி விஷயத்தை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர். ஆகவே செங்கோல் செங்கோலாகவே இருந்தது. ஆவணி மாதம் ஒரு நாள் காலை வரை.

"என்னங்க, ஸ்ரீரங்கத்துல அம்மாமண்டபம் ரோட்டுல ஒரு வீடு காலியா இருக்காம். வாடகை தோதா இருக்கு. கூப்பிடு தூரத்துல காவேரி."

காவேரி என்ற சொல்லிலேயே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"புத்தூருக்கு என்ன குறைச்சல்?"

"குழாய்ல சொட்டுச் சொட்டா வருது. அங்கேன்னா தினம் ஆத்துல முழுக்குப் போடலாம். ரங்கனைப் பார்க்கலாம்."

ஸ்ரீரங்கம் என்பது என்ன? தீவு. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இரண்டும் எந்த நேரத்திலும் கை கோத்துக்கொள்ளத் தயார். பெருமாளுக்கு என்ன, அவர் பாம்பின்மேல் படுத்திருக்கிறார். வெள்ளம் வந்தால் மிதப்பார். நான் கயிற்றுக் கட்டிலில் படுப்பவன். இதையெல்லாம் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? செங்கோலை எடுத்தேன்.

"இன்னொரு தரம் ஸ்ரீரங்கம்னு சொன்னே, நான் கப்பலேறிடுவேன்!"

வழக்கமாக இந்த இடத்தில் வள்ளிக்கண்ணு மூக்கை உறிஞ்சுவாள். அன்றைக்கு உறிஞ்சவில்லை.

"சரிங்க," என்றாள்.

கல்யாணமான நாளாக அவள் வாயிலிருந்து வந்த 'சரிங்க'க்களை எல்லாம் நான் அறிவேன். இது புது ரகம். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் காலையிலேயே எங்கோ போய்விட்டு, நல்ல புடவையும் தலை நிறையப் பூவுமாகத் திரும்பினாள். கையில் ஒரு செம்பு. டம்ளரில் ஊற்றி நீட்டினாள். சுண்டக் காய்ச்சிய பால். சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் கணக்காக இருந்தன.

"என்ன விசேஷம்?"

"வெள்ளிக்கிழமைங்க."

இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மனம் குளிர்ந்திருந்த அந்த நேரம் பார்த்துக் கேட்டாள்: "ஷரபு அக்காவுக்கு நாகூர்ல ஒரு நேர்த்தி இருக்காம். காஜா அண்ணன் அவங்க மச்சானோட பிளஷர் காரைக் கொண்டாறாரு. வியாழக்கிழமை நாமளும் போயிட்டு வருவோமா?"

"தாராளமா!" என்றேன். நாகூரில் தர்கா இருப்பது ஞாபகம் வந்தது. கடல் இருப்பதைப் பால் மறக்கடித்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் புளியோதரைக்குப் புளி கரைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். காஜா மைதீன் ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் பெண்கள் இருவரும். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சோழநாட்டுச் சாலையில் மைலுக்கு ஒரு கோயில். கோபுரத்தைக் கண்டால் வள்ளிக்கண்ணு நிற்காமல் போனதே கிடையாது. கோயில் கோயிலாக அவளை இறக்கிவிட்டால் நாகூர் போகும்போது பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் கடலைப் பார்க்க எவன் போவான்?

"காஜா பாய், நிறுத்துங்க! தஞ்சாவூர்! பெரிய கோயில்! வள்ளி, இறங்கு."

அவள் அசையவில்லை. "நல்லாயிருக்கே! ஷரபு அக்காவை வெயில்ல காரோட நிறுத்தி வச்சுட்டு நான் மட்டும் சாமி கும்பிடணுமா? மனுஷத்தன்மை வேணாம்?"

"நான் இருந்துக்கறேன் வள்ளி, போயிட்டு வாயேன்," என்றார் ஷரபுன்னிசா.

"சாமி எங்க போகுது அக்கா? கடல்தான் தள்ளிப் போயிட்டே இருக்கு."

முகம் கழுவுகிற சாக்கில் நான் மட்டும் இறங்கினேன். திரும்பி வரும்போது காரைப் பார்த்தேன். 

காரின் கூரைமேல், கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, என் கறுப்பு டிரங்குப் பெட்டி. வெள்ளைப் பெயின்டில் 'கே. வீரமலை, பினாங்கு' என்று நான் எழுதி வாங்கிய அதே பெட்டி.

"வள்ளி... அது எதுக்கு?"

"வேணும்னுதான்," என்றாள்.

அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியமில்லை. திருவாரூரில் கோபுரம் வந்தது. கோயில் திட்டத்தைக் கைவிட்டேன். காப்பி குடிக்க வேண்டும் என்றேன். பிளாஸ்க்கிலிருந்து காப்பி வந்தது. வயிற்று வலி என்றேன். முந்தானை முடிச்சிலிருந்து ஓமம் வந்தது. தலை சுற்றுகிறது என்றேன்.

"கடல் காத்துப் பட்டா சரியாயிடும்," என்றாள்.

காஜா மைதீன் உற்சாகமாகத் திரும்பினார். "வீரமலையண்ணே, சேதி தெரியுமா? நாகப்பட்டினத்துல இன்னிக்குப் பினாங்குக் கப்பல் நிக்குதாம்! நம்ம கடைக்கு வந்த ஆளு சொன்னாரு."

நான் கம்பளியைத் தேடினேன். காரில் கம்பளி இல்லை.

நாகூர் தர்காவில் ஷரபுன்னிசா நேர்த்தியை முடித்தார். மயிலிறகால் எல்லார் தலையையும் தடவினார்கள். நான் இரண்டாவது முறையும் தலையைக் குனிந்தேன். "என்னண்ணே, இத்தனை நம்பிக்கையா?" என்று நெகிழ்ந்து போனார் காஜா மைதீன். அங்கிருந்து கார் நேரே நாகப்பட்டினம் கடற்கரையில் போய் நின்றது.

கடல் இருந்தது. நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே, கொஞ்சமும் இளைக்காமல். ஒவ்வோர் அலையும் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தது. காலடியில் மணல் நழுவியது. தொலைவில், கரையோரம் பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாததால் நடுக்கடலிலேயே, அது நின்றது. கறுப்பாக, புகை விட்டுக்கொண்டு. ஆட்களும் மூட்டைகளும் படகில் ஏறி, அலையில் ஒருதரம் மறைந்து ஒருதரம் தெரிந்து, அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மறையும்போதெல்லாம் என் மூச்சும் மறைந்தது.

வள்ளிக்கண்ணு பெட்டியை இறக்கி மணலில் வைக்கச் சொன்னாள். பெயர் கப்பலைப் பார்த்தபடி இருந்தது. ஒரு படகுக்காரர் ஓடி வந்தார்.

"கப்பலுக்கா அய்யா? ஏத்திடவா?"

வள்ளிக்கண்ணு என்னைப் பார்த்தாள். "உங்களைத்தான் கேக்கறாரு. பதில் சொல்லுங்க."

"வள்ளி, விளையாடாதே."

"நான் எதுக்குங்க விளையாடறேன்? நாற்காலி காலியா இருக்கு. துரை வேற பெருமூச்சு விட்டுக்கிட்டே இருக்காரு."

"சீக்கிரம் சொல்லுங்க அய்யா, காத்து மாறுது," என்று படகுக்காரர் பெட்டியின் வளையத்தில் கையை வைத்தார்.

"வைக்காதே கையை!" என்று அலறிவிட்டேன். "வள்ளி! ஸ்ரீரங்கத்து வீடு! நாளைக்கே போய்ப் பேசிடறேன்!"

"ரெண்டு பக்கமும் தண்ணியா இருக்குமே?"

"இருக்கட்டும்! ஆத்துத் தண்ணிதானே! இனிப்புத் தண்ணி!"

"இனிமே கப்பலேறுவேன்னு சொல்வீங்களா?"

"கப்பல்னு எழுதிக்கூடப் பார்க்க மாட்டேன்!"

"காஜா அண்ணன் முன்னாடி சொல்லுங்க."

காஜா மைதீன் முன்னிலையில், கடல் சாட்சியாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கம்பளி விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தம் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும்.

வள்ளிக்கண்ணு குனிந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே என் வேட்டி சட்டை ஒன்றும் இல்லை. புளியோதரை, தயிர்ச்சோறு, வடை, வாழையிலைக் கட்டு, தண்ணீர்க் கூஜா.

"நாலு பேரு சாப்பாடு. வச்சு எடுத்துவர நம்ம வீட்டுல பெரிசா வேற என்ன இருக்கு?" என்றாள். படகுக்காரருக்கும் ஒரு வடை கொடுத்தாள்.

பாஸ்போர்ட் இல்லாமல், டிக்கெட் இல்லாமல், அம்மை ஊசி போட்ட சீட்டு இல்லாமல் என்னை எந்தக் கப்பல் ஏற்றியிருக்கும்? தமிழிலும் இங்கிலீஷிலும் நான் நிரப்பாத ஃபாரமா? எல்லாம் தெரியும். ஆனால் அறிவு புத்தூரிலேயே தங்கிவிட்டது. கடற்கரைக்கு வந்தது பயம் மட்டும்தான்.

கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது வடையில் கொஞ்சம் மானம் திரும்பியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பேசறேன்னுதான் சொன்னேன். முதல்ல நான் வீட்டைப் பார்க்கணும். அப்புறம் நாள் பார்க்கணும். பால் காய்ச்சணும். எல்லாம் நான் தலையாட்டினப்புறம்தான்."

ஷரபுன்னிசா ஆச்சரியமாக நிமிர்ந்தார். "என்னண்ணே சொல்றீங்க? போன வெள்ளிக்கிழமையே அந்த வீட்டுல பால் காய்ச்சி, வள்ளி எங்களுக்கும் கொண்டாந்து குடுத்தாளே! உங்களுக்குக் குடுக்கலையா?"

கொடுத்தாள். இரண்டாவது டம்ளரை நான்தான் கேட்டு வாங்கிக் குடித்தேன்.