மீட்டர் காட்டிய பூஜ்யம்

காரைக்குடி

சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை கார்த்திகேய சிவம் அவர்களுக்கு, மாமனார் பூமிநாதன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை ரேணுகாவும் நலம். நேற்றுச் சாயங்காலம் நாலு மணியிலிருந்துதான் நலம்; அதற்கு முன் பத்து நாளாக நலமில்லை.

நான் மேனேஜராக இருக்கும் பழைய பங்களா ஹோட்டலில் நாற்பத்தெட்டு ஜன்னல். சுத்தமான தண்ணீரில் கழுவினால் துடைக்கவே வேண்டாம், புள்ளியில்லாமல் காயும் என்று நீங்கள் சொன்னதை நம்பி முதலாளி சொர்ணவல்லி ஆச்சியிடம் வாயை விட்டுவிட்டேன். ஆச்சி கோபப்படவில்லை. "செஞ்சு காட்டுங்க. முடியலைன்னா மதுரைக் கம்பெனிக்கிட்ட விட்டுட்டு நீங்க வீட்ல ஓய்வா இருங்க" என்றார்கள். அறுபத்திரண்டு வயதில் ஓய்வு என்றால் வேலை போச்சு என்று அர்த்தம் மாப்பிள்ளை.

நீங்கள் அனுப்பிய பில்டரை ஓரமாக வைத்துவிட்டு, அதோடு வந்த, பேனா மாதிரி இருக்கும் தண்ணீர் மீட்டரை முதலில் போர் தண்ணீரில் விட்டேன். 812. கண்ணாடியில் அடித்துக் காயவிட்டால் முழுக்க வெள்ளைப் புள்ளி. அழுக்குத்தான் என்று நினைத்து, ஊருணித் தண்ணீருக்குச் செய்வதுபோல அண்டாவில் தேத்தாங்கொட்டை உரசினேன். அடியில் கிடந்த ஊசி தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. மீட்டர் அதே 812! பக்கத்து அண்டாவில் முற்றத்து மழைத் தண்ணீர், கலங்கல், வண்டு வேறு செத்து மிதக்குது, அதுக்கு 19 காட்டுது. மீட்டரைக் கண்டபடி ஏசிப்புட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்: "மாமா, உப்புப் போட்டா தண்ணி கலங்குமா?" அப்போதுதான் புத்திக்கு ஏறியது. அது அழுக்கை அளக்கவில்லை, கரைந்து கிடக்கும் உப்பை அளக்கிறது. தண்ணீர் காய்ந்தபின் தங்குவதும் அந்த உப்புதான்.

பில்டரை மாட்டியதும் 000. சந்தோஷம் தாங்காமல் தபால்காரர், பால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் என்று எல்லோருக்கும் குழாயைத் திறந்து காட்டினேன். நேற்றுக் காலை மறுபடி பார்த்தேன், 000. மதியத்துக்குள் எல்லா ஜன்னலையும் அடித்துவிட்டு, பயம் தாங்காமல் கோவிலூருக்குப் போய்க் கும்பிட்டுத் திரும்பினால், ஒரு புள்ளி இல்லை. நாலு மணிக்கு ஆச்சி வந்து கண்ணாடி போட்டுப் பார்த்து, விரலால் தடவியும் பார்த்து, "பரவாயில்லையே, நீங்களே பாருங்க இனிமே" என்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வெட்கமில்லை.

உங்களுக்கும் மகள் அக்ஷராவுக்கும் எங்கள் ஆசி. உங்கள் தண்ணீர் என்றும் பூஜ்யமாகவும், மற்றதெல்லாம் நிறைவாகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பூமிநாதன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மீட்டரைப் பெட்டியில் வைக்கப் போனால், அடியில் மூடி மாட்டியபடியே இருக்கிறது. நேற்றுப் பார்த்த பூஜ்யம் மூடியோடு பார்த்தது. கழற்றி விட்டேன், 640. குழாயைத் திறந்து ஊருக்கெல்லாம் காட்டியே பில்டரின் சக்தியைத் தீர்த்திருக்கிறேன். பிறகு எப்படிப் புள்ளியில்லை? கொடியில் என் பழைய வேட்டி ஆறு காய்கிறது. தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே உங்கள் அத்தை சொன்னாள்: "நீங்க கோயிலுக்குப் போனப்ப ஏணி போட்டு நாந்தான் தொடச்சேன். மாப்பிள்ளைக்கு எழுதிறாதீக." ஆகையால் நீங்கள் இதைப் படிக்கவில்லை. அடுத்த மாதம் ஆச்சி மறுபடி வருகிறார்கள். புது பில்டரும், அவளுக்குத் தைலமும் அனுப்பவும்.