அக்கா வீட்டுச் சமையல் மேடையை நான் ரிஜெக்ட் செய்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் கையில் அளக்கிற சாமான் எதையும் கொடுக்கக் கூடாது. அவன் அதைத் தொழிற்சாலையோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். தொண்ணூறுகளில், கோலார் தங்கவயலில் ஒரு கனரக எந்திரத் தொழிற்சாலையில் தர ஆய்வாளனாகச் சேர்ந்து எனக்கு மூன்றே மாதம் ஆகியிருந்தது. அதற்குள் தட்டில் விழும் தோசையின் விட்டத்தைக்கூட மனதுக்குள் அளக்க ஆரம்பித்துவிட்டேன். (அம்மாவிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் கையில் தோசைக்கரண்டி இருந்தது.)

அந்தச் சமயத்தில்தான் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருந்த அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் தரையில் குந்திச் சமைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா புருஷன், அதாவது மாமா, அதிகம் பேசாத மனுஷன். சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே இருக்கும் பாறை சரியாமல் முட்டுக்கொடுப்பது அவர் வேலை. லீவு நாட்களில் தானே செங்கல் அடுக்கி, அதன்மேல் இரண்டு கடப்பாக் கற்களை ‘ட’ வடிவில் பொருத்தி, மூலையில் அவை சேரும் இடத்தில் கறுப்புப் பவுடர் கலந்த சிமென்ட்டை அடைத்து, நின்றபடி சமைக்க ஒரு மேடை கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை அதில் பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று.

முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மச்சான், நீ இன்ஸ்பெக்டராச்சே. ஜாயின்ட்டு எப்டி கீதுன்னு பாத்துச் சொல்லு.”

‘சூப்பரா கீது மாமா’ என்ற மூன்று சொற்களுக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்பது எந்தக் கழுதைக்கும் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து இணைப்பின் குறுக்கே நிறுத்தினேன். அதன் அடியில், சந்து அளக்கிற மெல்லிய எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒரு கல் மற்றதைவிட முடியளவு உயரம். சிமென்ட் கோடு ஒரு முனையில் ஒன்றரை மில்லிமீட்டர், மறுமுனையில் இரண்டு. உதட்டைப் பிதுக்கினேன். பிறகு பையில் இருந்த சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து (அதை ஏன் கொண்டுபோனேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்) இணைப்பின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

“ரிஜெக்ட், மாமா.”

மாமா அந்தக் குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். “சரி மச்சான்” என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த உளியையும் சுத்தியையும் எடுத்தார்.

“இன்னா மாமா பண்றீங்க?”

“அவளுக்குன்னு செஞ்சது. அதுல தப்பு இருக்கக் கூடாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு ஆழத்தில் மலையையே தாங்கி நிறுத்துகிறவரின் வேலைக்கு, மூன்று மாத உத்தியோகஸ்தன் நான் குறி போட்டிருக்கிறேன். “அது ஃபேக்டரி கணக்கு மாமா, வீட்டுக்கு இது போதும்” என்று உளறினேன். அவர் காதில் விழவில்லை. உளி கல்லைத் தொட்டுவிட்டது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். “தள்ளுங்க ரெண்டு பேரும்.” ஸ்டவ்வைத் தூக்கச் சொல்லி, சரியாகச் சிவப்புக் குறியின்மேல் வைக்கச் செய்து, பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

“அக்கா, மணி அஞ்சு. ராகு காலம்!”

ராகு காலத்தில் ராபர்ட்சன்பேட்டை பஸ்கூட ஏற மாட்டாள் அவள். “கல்ல ஒடைக்க மட்டும் நல்ல நேரமாடா?” என்றாள்.

பால் பொங்கியது. வழிந்து, இணைப்பின் நீளத்துக்கும் ஓடியது. என் உத்தியோக புத்தி அப்போதும் அடங்கவில்லை. டார்ச்சோடு மேடைக்கு அடியில் நுழைந்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை! “பாஸ் மாமா, பாஸ்!” என்று கத்திக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து எழுந்தேன்.

மண்டையில் விழுந்த அடியில் கண்ணெல்லாம் இருட்டிவிட்டது. மாமா முதலில் இணைப்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் என் தலையைத் தடவினார்.

“ஒண்ணும் அசையல. லோட் டெஸ்ட்டும் ஆயிடுச்சு மச்சான்” என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. “சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது” என்று அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. தலைவலியால் என்று சொல்லிக்கொண்டேன்.

பெயின்ட்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அக்கா அதன்மேலேயே இத்தனை வருஷமாகச் சமைக்கிறாள். எங்கள் குடும்பத்துக்குப் புது மாப்பிள்ளை வந்தால், முதல் விருந்தன்று டார்ச்சைக் கொடுத்து அந்த மேடைக்கு அடியில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இதுவரை மூன்று பேர். மூவரும் பதவிசாகக் குனிந்து, பார்த்து, தலை இடிக்காமல் வெளியே வந்தார்கள்.

மாமா ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார். “நல்ல பையன்தான். ஆனா நம்ம மச்சான் மாதிரி வராது.”