தாடிக்காரனின் வலது கால்

சந்தேகப்படுவதில் நான் முறையாகப் பயிற்சி பெற்றவள். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தபோது எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்: கண்ணால் பார்த்தாலும் நம்பாதே. (மனிதர் எங்கள் வருகைப் பதிவேட்டையே நம்பமாட்டார்.)

எழுபதுகளின் நடுவில் என் ஆய்வுக்கட்டுரைக்கு அவர் கொடுத்த தலைப்பு, பழைய ரோமாபுரியின் போர்முறையும் அதைச் சினிமா காட்டும் விதமும். அப்போது எங்கள் ஊரில் தம்பானூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆங்கிலப் படம் ஒன்று ஓடியது. படம் முழுக்க ரோமானியச் சண்டை. ரோமானியக் குதிரை வீரர்களுக்கு அங்கவடி, அதாவது கால் வைத்துக்கொள்ளும் வளையம், கிடையாது. படத்தில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று எண்ணுவதுதான் என் மகத்தான ஆராய்ச்சி. கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கவேண்டிய படை, படத்தில் சந்தைக் கூட்டமாகச் சிதறி ஓடியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

படிப்புக்காகத் தினமும் சினிமா போகிறேன் என்றால் நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகத்தில் யார் நம்புவார்கள்? லைப்ரரி என்று சொல்லிவிட்டு மாட்னிக்குப் போனேன். நான் மேலே படிப்பதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு காரணம் கிடைத்தால் போதும், படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை முடித்துவிடுவார்.

மூன்றாம் நாள், எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஓர் ஆள். பேன்ட், சட்டை, தலையில் குரங்குக் குல்லா. மார்ச் மாதப் புழுக்கத்தில் குல்லா! நான் குனிந்து எழுதினால் எட்டிப் பார்த்தான். இடம் மாறி உட்கார்ந்தேன். அவனும் மாறினான்.

இடைவேளைவரை பொறுக்க முடியவில்லை. மானேஜரிடம் ஓடினேன். நாகர்கோவில்காரர்.

"ஒருத்தன் என் பின்னாலேயே வரான் சார். பார்த்தாலே திருடன் மாதிரி இருக்கான்."

"ஆளைக் காட்டித் தாருங்க மேடம், நான் பாத்துக்கிடுதேன்."

டிக்கெட் கிழிக்கும் இருவரோடு வந்தார். நான் படைத் தளபதி மாதிரி விரலை நீட்டினேன். ஒருவர் டார்ச் அடித்தார். இன்னொருவர் குல்லாவைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே அப்பா இருந்தார்.

பேன்ட் என் அண்ணனுடையது. (பயிற்சி பெற்ற சந்தேகக்காரிக்குச் சொந்த அப்பாவின் மூக்கு அடையாளம் தெரியவில்லை.)

"ஆராக்கும் மேடம் இது?"

"என்... அப்பா."

"அப்பாவா? பின்னே எதுக்கு சார் இந்தக் குல்லா?"

"ஜலதோஷம்," என்றார் அப்பா, மிடுக்காக.

மானேஜர் எங்கள் இருவரையுமே நம்பவில்லை. ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனார். அதற்குள் இடைவேளை விளக்கு எரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"யாருடீ அந்தத் தாடிக்காரன்?"

"எந்தத் தாடிக்காரன்?"

"உன் நோட்டைப் படிச்சாச்சு." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒரு வரி விடாமல் நகல் எடுத்திருந்தார். "'தாடிக்காரன் இன்றும் கடைசியில்தான் வந்தான். வலது காலைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நாளை மறுபடி பார்க்கவேண்டும்.' அவன் காலில அப்படி என்ன கோளாறு?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. "உக்காருங்கோப்பா. அவன் வருவான். காட்டறேன்."

அப்பா வாசல் கதவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசிச் சண்டையில் தாடிவைத்த தளபதி குதிரையில் பாய்ந்து வந்தான். "இவன்தான்," என்று திரையைக் காட்டி, வளைய விஷயத்தைக் காதோடு சொன்னேன். அப்பா வாசல் கதவை விட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து, "வலது காலில இருக்கு. எழுதிக்கோ," என்றார்.

என் படிப்பு தப்பியது. ஆனால் அம்மா எங்கள் கதையில் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

"அரை நாள் லீவு போட்டுட்டு அப்பாவும் பொண்ணுமா சினிமா பார்த்துட்டு வந்திருக்கேள். என்னை ஒரு வார்த்தை கூப்பிடலை. கேட்டா ரோமாபுரியாம்!"

அன்றுமுதல் எங்கள் வீட்டில் சாக்குப்போக்குக்குப் பெயர் ரோமாபுரி. போன வாரம் என் கணவர் சாலைக் கடைத்தெருவில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்து, பாங்கில் ஒரே கூட்டம் என்றார். என் மகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ரோமாபுரியில யாருப்பா ஜெயிச்சா?" என்று கேட்டாள்.