நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்

நட்சத்திரம்தான் தொல்லை. அது மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் நெபுலா தெரிந்துவிடும்.

அது தள்ளி உட்காருவதாக இல்லை. மொட்டைமாடியில் தொலைநோக்கியின் முன் மண்டியிட்டிருந்த மேனேஜரின் கண்ணுக்குள் வெளிச்சத்தை வாரிக் கொட்டியது. பக்கத்தில், ஊதிவிட்ட புகைபோல இருக்கவேண்டிய நெபுலாவைக் காணோம்.

மேனேஜர் என்பது பழைய உத்தியோகம். அவர் ஓய்வு பெற்றபோது பெயரும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. போன மாதம் வானியல் சங்கக் கூட்டத்தில், "அந்த நெபுலாவை நம்ம சங்கத்துல யாரும் பார்த்ததில்லை" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். மேனேஜரின் வாய் தானாகத் திறந்து, "நான் பாத்தேனே" என்றது. சங்கத்தின் தலைவர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது.

"எங்களுக்கும் காட்டுங்க. அன்னைக்கே நீங்கதான் தலைவர்" என்றார் பொருளாளர்.

அந்த நாள் இன்றுதான். இன்னும் சற்று நேரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அலுமினியத் தாளில் ஒரு கீற்று வெட்டி, நட்சத்திரத்தை மட்டும் மறைப்பதுபோல் லென்ஸுக்குள் ஒட்டினார். நட்சத்திரம் மறைந்தது, கூடவே பாதி வானமும் மறைந்தது. கீற்றைப் பிடுங்கினார்; அது குழாய்க்குள் விழுந்தது. குழாயைக் கழற்றிக் கவிழ்த்துக் குலுக்கினார். கீற்று வெளியே வந்தது. திரும்ப மாட்டிப் பார்த்தால் நட்சத்திரத்தையே காணோம்.

மனைவி கெட்டிலோடு மாடியேறி வந்தாள்.

"என்னங்க, டீ சூடா இருக்கணும்னு சொன்னீங்களே, இங்கயே போட்டுடறேன். இந்த பிளக்கை..."

"எதுவா இருந்தாலும் நீயே பாத்துக்கோ. நான் வானத்துல இருக்கேன்."

"சரி, இறங்கறப்ப பாத்து இறங்குங்க."

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் பதறிப்போய்க் குழாயைக் கண்டபடி திருப்பினார். அது தாழ்ந்து தாழ்ந்து, தூரத்து வீடுகளின் தலைக்கு மேலே போய் நின்றது.

கண்ணை வைத்தவர் மூச்சை மறந்தார்.

செம்பொன்னாக ஒரு நட்சத்திரம். அதை ஒட்டி, விழித்த மறுகணமே மறந்துபோகும் கனவுபோல ஒரு வெண்புகை. நேராகப் பார்த்தால் கரைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால் மலர்ந்தது. மேனேஜருக்கு நாற்காலி மறந்தது, முழங்கால் வலி மறந்தது. தான் சொன்ன பொய் இத்தனை அழகாக உண்மையாகும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

"வாங்க, வாங்க. குழாயை மட்டும் யாரும் தொடாதீங்க" என்று கிசுகிசுத்தார்.

பொருளாளர் முதலில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அட, அப்படியே நிக்குதே! என்னோடதுல பாத்தா ஒரு நிமிஷத்துல ஓடிப்போயிடும்."

"பூமி சுத்துது இல்லையா, அதுக்கு ஈடா நம்ம மோட்டார் குழாயைத் திருப்பிக்கிட்டே இருக்கும்" என்றார் மேனேஜர். தலைவர் குரல் இப்போதே வந்துவிட்டது. "மோட்டார் இல்லாம ஒரு வெளிச்சம் இப்படி ஆடாம அசையாம நின்னா, அது நட்சத்திரம் இல்லீங்க. கம்பத்து விளக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். இருட்டில் எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டிருந்தது.

"மோட்டார் சத்தமே தாலாட்டு மாதிரி இருக்கு சார்" என்றார் பொருளாளர்.

அடுத்துப் பேராசிரியர் குனிந்தார். எதைப் பார்த்தாலும் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

"லேசா சிவப்படிக்குதே... வயசான நட்சத்திரம், அப்படித்தான் இருக்கும். நெபுலால மூணு இதழ் தெளிவா தெரியுது."

பொருளாளருக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் போய்ப் பார்த்தார். "நாலு."

பின்னால் நின்றவர் இன்னும் குனியக்கூட இல்லை. "நான் முதல்லயே அஞ்சுன்னு நினைச்சேன்" என்றார்.

பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து, ஒவ்வொருவராக நிமிர்ந்து, தரையில் கால் பாவாதவர்கள்போல நின்றார்கள். ரீங்காரம் நின்று, டீ மணம் மாடியெங்கும் மிதந்தது. வெகுதூரம் போய்விட்டு இப்போதுதான் திரும்பியவர்போல, பேராசிரியர் மேனேஜரின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"தலைவரே!"

கைதட்டல் எழுந்தது. மேனேஜரின் கண் கலங்கிவிட்டது. பெருந்தன்மையோடு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெருமை எனக்கில்லை, மோட்டாருக்கு. வாங்கினப்ப இது எதுக்குன்னு கேட்டியே? பாத்தியா, இவ்வளவு நேரம் நட்சத்திரத்தை எப்படி அசையவிடாமப் பிடிச்சு வச்சிருக்கு!"

பேராசிரியரின் கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டே மனைவி சொன்னாள்:

"அதுங்களா? மாடியில ஒரே பிளக்குதானே இருக்கு? இவங்க வர்றதுக்கு முன்னாடியே மோட்டாரைப் பிடுங்கிட்டுத்தாங்க கெட்டிலைச் சொருகினேன்."