மரத்தளத்துக்கு வந்த விருந்தாளி

அன்று அங்கே இருந்தவர்கள்: ஆர்வோ, அவன் மனைவி ஹெல்வி, வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு வருடமாக ஆர்வோவிடம் ஒரு வார்த்தை பேசாத தைஸ்தோ, பிறகு ஓர் எல்க் மான். குதிரை உயரம், எருமை கனம். அதை யாரும் அழைக்கவில்லை.

ஏரியைப் பார்த்த மரத்தளத்தில் ஆர்வோ முழங்காலிட்டிருந்தான். கையில் எண்ணெய்த் தூரிகை. கடைசி நாலு பலகைதான் பாக்கி. நிமிர்ந்து பார்த்தால், தேய்த்து முடித்த பக்கம் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டு அளவில் குளம்படிகள்.

"ஹெல்வி! அது மறுபடியும் வந்திருச்சு!"

"எது?" ஹெல்வி காபிக் கோப்பையோடு சன்னலில் தெரிந்தாள்.

"எதுவா? மூலையில நின்னு நம்ம பலகையை நக்கிட்டிருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"அட பாவமே. பனி விழறதுக்குள்ள முடிச்சிருவியா?"

அதுதான் விஷயம். ஒப்பந்தம் ஹெல்வி போட்டது. முதல் பனிக்குள் தளத்தைக் கழுவி, எண்ணெய் ஏற்றி, தார்ப்பாயால் மூடிவிட்டால் குளிர்காலம் முழுக்க இங்கேயே. இல்லாவிட்டால் ஸ்பெயினில், அவள் அக்கா ரைலியின் வீட்டில்.

ஸ்பெயினுக்கு ஆர்வோ ஒரு தடவை போயிருக்கிறான். லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவன் அவனைப் பார்த்துச் சிரித்து, சௌக்கியமா என்று விசாரித்துவிட்டான். அதன்பிறகு ஆர்வோ படிக்கட்டில்தான் ஏறினான். ஒன்பதாவது மாடி. இங்கே அந்தத் தொல்லை இல்லை. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க உட்காரலாம். மீன்கூட அனேகமாக வராது.

அவன் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடினான். மூடுகிற நேரத்தில் மனு கொண்டுவந்தவனைப் பார்க்கும் குமாஸ்தாபோல எல்க் அவனைப் பார்த்தது. பிறகு நக்கும் வேலையைத் தொடர்ந்தது.

"கிட்டப் போகாதே, முட்டித் தள்ளிரும்!" ஹெல்வி கத்தினாள். "அந்த மூலைப் பக்கமே போகாதே. ரேடியோவைச் சத்தமா வை. பயந்து ஓடிரும்."

ஆர்வோ ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தான். டாங்கோ பாட்டு. காதலி விட்டுப்போன எவனோ ஒருவன் அழுதுகொண்டிருந்தான். எல்க் காதை ஆட்டிக் கேட்டது. முன்கால்களை மடக்கியது. அப்படியே ஈர எண்ணெயில் படுத்துக்கொண்டது.

"படுத்திருச்சு!"

"பாட்டு பிடிச்சிருக்கு போல. நிறுத்து. எழுந்து போனதும் நாற்காலியையெல்லாம் போட்டு வழியை அடைச்சிரு."

காலையில்தான் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் அடுக்கிய நாற்காலிகள். எல்லாவற்றையும் திரும்ப வெளியே தூக்கிவந்து படியோரம் தயாராக அடுக்கினான். எல்க் எழுந்தது, ஆனால் இறங்கவில்லை. குனிந்து ஒரு நாற்காலியை மோந்து பார்த்தது. தலையைத் தூக்கியபோது நாற்காலியும் கொம்போடு எழுந்தது.

வேலியோரத்தில் தைஸ்தோ நின்றிருந்தான். ஆர்வோ அவனைப் பார்த்தான். தைஸ்தோ உடனே திரும்பி ஒரு பூர்ச்ச மரத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். ஆர்வோவும் உதவி கேட்கவில்லை. அடுத்தவனுக்கு எதற்குச் சங்கடம்?

"தார்ப்பாயை அது தலையில போடு," என்றாள் ஹெல்வி. "கண்ணை மறைச்சா சாதுவாயிரும். புடிச்சு இழுத்துட்டுப் போயிரலாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"குதிரைக்கு அப்படித்தானே பண்றாங்க?"

ஆர்வோ தார்ப்பாயை வீசினான். குறி தப்பவில்லை. எல்க் மட்டும் சாதுவாகவில்லை. தலையில் நீலத் தார்ப்பாய், அதற்குள் ஒரு நாற்காலி, தார்ப்பாய்க் கயிற்றில் மாட்டி இறைச்சி சுடும் அடுப்பு பின்னால் உருண்டு வர, கல்யாண ஊர்வலம் மாதிரி தளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. எண்ணெய் டின் கவிழ்ந்தது. கைப்பிடிச் சட்டம் ஒடிந்தது. கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு அதே மூலைக்கு வந்து, நிம்மதியாக நக்கியது.

ஆர்வோவின் மூக்கு நுனியில் ஏதோ குளிர்ந்தது. பனி.



"செருப்பை எடுத்து வைக்கணும்," என்றான். "ஸ்பெயின்ல பூட்ஸ் போட்டா சிரிப்பாங்க."

"போன வாரமே பெட்டியில வச்சிட்டேன்," என்றாள் ஹெல்வி.

ஒரு மணி நேரத்தில் கார் தயார். ஆர்வோ உள்ளே உட்கார்ந்து, ஒன்பதாவது மாடியை நினைத்துக்கொண்டிருந்தான். ஹெல்வி சாவியோடு வாசல் கதவருகே நின்றாள். அப்போது தைஸ்தோ வேலியைத் தாண்டி வந்தான். தொப்பியைக் கழற்றினான். வழியனுப்பத்தான் வருகிறான் என்று ஆர்வோ கண்ணாடியை இறக்கினான். பதினோரு வருடம் கழித்து, பாவம், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

தைஸ்தோ அவன் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைச் செருமினான்.

"ஹெல்வி, மானை வரவைக்கணும்னு போன வாரம் என்கிட்ட உப்புக்கட்டி வாங்கிட்டுப் போனீங்களே. வேலை முடிஞ்சதுன்னா, மூலையில ஆணியடிச்சு வச்சிருக்கிறதைக் கழட்டிக்கட்டுமா?"

ஆர்வோ காரைவிட்டு இறங்கினான். ஹெல்வியின் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டு இரண்டு சுற்றுத் திரும்பியது.